நான் எழுதிய இருபத்திரண்டு சீட்டுகள்

தம்பி,

இதை நீ வாசித்து முடிக்கும் வரை யாருக்கும் காட்டாதே. முடித்த பிறகும் காட்டாதே. நீ கட்டப்போகிற ஆரபிக்கும் வேண்டாம். அவளிடம் சொல்ல வேண்டியதை நானே சொல்வேன். உன் மாமாவின் கண்ணில் மட்டும் இது பட்டுவிடக் கூடாது, கெஞ்சிக் கேட்கிறேன். உன் சாப்பாட்டுப் பையில் கத்தரிக்காய்க் குழம்புப் பெட்டிக்கு அடியில் பிளாஸ்டிக்கால் சுற்றி அனுப்புகிறேன். போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் நான் பொய் சொல்லிப் பழகியவள். இந்த விஷயத்தில் சொன்ன மிகப் பெரிய பொய்யையும் போனில்தான் சொன்னேன்.

இது என் பிரெஞ்சு வகுப்புக் கொப்பியின் பின்பக்கம். தையல் தொழிற்சாலையை மூடியதும் ஐம்பது வயதில் என்னை மறுபடி பள்ளிக்கூடப் பிள்ளையாக்கிவிட்டார்கள். உன் அப்பா டவுன்டவுனுக்குச் சமையலறை வேலைக்குப் புறப்படும்போது நான் மேசையில் கொப்பியோடு இருப்பதைப் பார்த்து, "நல்லாப் படி, ரீச்சர் அடிக்கப்போறா" என்று பகிடி விட்டுப் போகிறார். மூன்று இரவாக எழுதுகிறேன். மாடிப்படியில் யாராவது நடக்கும் சத்தம் கேட்டால் முன்பக்கம் புரட்டி வினைச்சொற்களைப் பார்க்கிறேன். யாரும் வரமாட்டார்கள் என்று தெரியும். ஆனாலும் கை தானாகப் புரட்டுகிறது. முன்பும் ஒரு இரவில் இப்படி ஒளித்து எழுதியிருக்கிறேன். அந்தப் பயம்தான் இது.

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்டாய். "அம்மா, ஆரபியின்ர அப்பா ஊரில ஆக்களைப் பிடிச்சுக் குடுத்தவராமே? மாமா சொல்லுறார். உங்களுக்குத் தெரியுமோ?" நான், "பேந்து கதைப்பம், அடுப்பில கறி கிடக்கு" என்றேன். அடுப்பில் ஒன்றும் இருக்கவில்லை. அதற்குப் பிறகு நீ எடுக்கவில்லை. புதன்கிழமை ஆரபி எனக்குப் போன் எடுத்தாள். "அன்ரி, நிரோஷன் ஏன் என்னோட ஒழுங்காக் கதைக்கிறாரில்லை?" என்று கேட்டாள். வருகிற ஞாயிறு இரண்டு வீட்டாரும் கூடி நாள் குறிப்பதாக இருக்கிறது. அதற்குள் மாமாவின் அந்த ஒரு வசனத்தை நம்பி நீ அவளை வேண்டாம் என்று சொல்லிவிடுவாயோ என்று எனக்குப் பயம். அதனால்தான் எழுதுகிறேன்.

ஆரபியின் அப்பா தவராசா அண்ணை படையில் இருந்தது உண்மை. துவக்குப் பிடித்ததும் உண்மை. அவர் எப்படிப் போனார் என்பதை மாமா உனக்குச் சொல்லியிருக்க மாட்டார். அவர் உன் மாமாவுக்குப் பதிலாகப் போனவர். அனுப்பியது நான்.

எனக்கு அப்போது பதினான்கு வயது. சந்தியில் முகாம் போட்டிருந்தவர்கள் எங்கள் ஊரிலிருந்து ஐந்து பொடியன்களைக் கேட்டார்கள். பதினேழிலிருந்து இருபத்தைந்து வயது வரை, கலியாணம் கட்டாதவர்கள். நீங்களாகத் தந்தால் மற்றவர்களைத் தொட மாட்டோம், தராவிட்டால் வீடு வீடாக வருவோம் என்றார்கள். அது எந்தக் குழு என்று நீ கேட்பாய். ஒரு கூட்டம் போக இன்னொரு கூட்டம் வந்தது. எல்லோரும் கேட்டது ஒன்றைத்தான். அந்த வயதுக்குள் ஊரில் இருபத்திரண்டு பேர் இருந்தார்கள். கோயில் சபை இரண்டு நாள் கூடிக் கத்தியது. படிக்காதவனை அனுப்புவோம் என்று ஒருவர் சொன்னார். "அப்ப உங்கட மூத்தவர் என்ன பட்டமே எடுத்தவர்? முதல் அவரை அனுப்புங்கோ" என்று இன்னொருவர் பாய்ந்தார். நிறையப் பிள்ளைகள் உள்ள வீட்டில் ஒன்றை எடுப்போம் என்றபோது ஒரு தாய் சபைக்கு முன்னால் மண்ணை வாரி எறிந்தாள். கடைசியில் பிள்ளையாருக்கு முன்னால் திருவுளச்சீட்டுப் போடுவதென்று முடிவாயிற்று. திருவிழாவில் எந்த உபயம் யாருக்கு என்பதையும், இரண்டு சம்பந்தத்தில் எதைச் செய்வது என்பதையும் எங்கள் ஊரில் அப்படித்தான் தீர்ப்பார்கள். சாமி எடுத்தால் ஒருவரும் ஒருவரோடும் கோபிக்க முடியாது.

அதற்குச் சில கட்டுப்பாடுகள் இருந்தன. எழுதுகிறவர் முழுகி, விரதம் இருந்து எழுத வேண்டும். எல்லாச் சீட்டும் ஒரே அளவு, ஒரே மை. சுருட்டி நூலால் கட்டிய பிறகு, குழந்தை எடுத்துப் பிரிக்கும் வரை ஒரு மனிதக் கண்ணும் உள்ளே பார்க்கக் கூடாது. எடுபடாத சீட்டுகளைப் பிரிக்காமல் கற்பூரத்தில் எரித்துவிட வேண்டும். நினைத்துப் பார், தம்பி. பிழை பிடிக்க முடியாதபடி ஊரே சேர்ந்து செய்து வைத்த ஒழுங்கு அது. எழுதுகிற கை மட்டும் ஒழுங்காக இருந்தால் போதும். அந்தக் கையாக என் தலைமையாசிரியர் என்னைத் தேர்ந்தார். பள்ளிக்கூடக் கரும்பலகையில் தினமும் எழுதுவது நான், என் எழுத்து ஊருக்கே தெரியும். "சேர், என்ர அண்ணையின்ர பேரும் கிடக்கு" என்று சொல்லிப் பார்த்தேன். "ஆற்ற வீட்டில பேர் இல்லை? பள்ளிக்கூடப் பொம்பிளைப் பிள்ளை சாமிக்குப் பொய் எழுதாது எண்டு சனம் நம்புது. அது போதும்" என்று பட்டியலைக் கையில் தந்தார்.

அன்று இரவு விளக்கைச் சின்னதாக்கி வைத்து எழுதினேன். ஒன்பதாவது பெயர் என் அண்ணையுடையது, உன் மாமாவுடையது. அவர் பக்கத்து அறையில் படுத்திருந்தார். எட்டுச் சீட்டை எழுதிச் சுருட்டிவிட்டு ஒன்பதாவதில் பேனை நின்றுவிட்டது. பதினாறாவது பெயர் தவராசா. அவர் ஊரில் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். ஐந்து நாளைக்கு முன்பே, வெளிநாட்டுக்கு அனுப்பும் ஏஜென்சிக்காரனை நம்பிக் கொழும்புக்குப் புறப்பட்டுவிட்டார். முகாமுக்குப் பயந்து அவருடைய தாய், மகன் சித்தி வீட்டில் நிற்கிறான் என்று சொல்லிவந்தார். அதனால் பெயரை வெட்டாமல் விட்டிருந்தார்கள். ஆள் இல்லாத பெயர், அதை இரண்டு தரம் எழுதினால் யாருக்கு என்ன நட்டம் என்று என் புத்தி சொன்னது. அவர் சீட்டு வந்தால் ஆள் இல்லை என்பார்கள், வேறு சீட்டு எடுப்பார்கள். அண்ணை தப்பிவிடுவார். ஒன்பதாவது சீட்டில் தவராசா என்று எழுதினேன். பதினாறாவதிலும் தவராசா என்று எழுதினேன். இருபத்திரண்டையும் ஒற்றை முடிச்சுப் போட்டுக் கட்டி, பித்தளைச் செம்பில் இட்டுச் சாமி அறையில் வைத்தேன்.

விடியக் கோயிலுக்குக் கொண்டுபோகச் செம்பை எடுத்தபோது ஒரு சீட்டின் நூலில் இரட்டை முடிச்சு இருந்தது. நான் போட்டது ஒற்றை முடிச்சு. அன்றைக்கு என் கண் என்னை ஏமாற்றுகிறது என்று நினைத்துக்கொண்டேன். இன்றைக்கு அப்படி நினைக்கவில்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

கோயில் வாசலில் முதலில் கண்ட முகமே தவராசா அண்ணையுடையது. பாதையை மூடிவிட்டார்களாம், ஏஜென்சிக்காரன் காசோடு மறைந்துவிட்டானாம், விடியற்காலை வந்து இறங்கியிருக்கிறார். கசங்கிய சேட்டோடு பொடியன்கள் வரிசையில் நின்றவர் என்னைக் கண்டு சிரித்தார். "என்னடி, என்ர பேரையும் வடிவா எழுதினியோ?" என்று கேட்டார். "ஓம்" என்றேன். மகனே, எழுதியபோது நான் அறியாமல் செய்தேன் என்று சொல்லித் தப்பலாம். அந்த "ஓம்" அறிந்து சொன்னது. செம்பு என் கையில்தான் இருந்தது. சேர், ஒரு சீட்டுப் பிழைச்சுப்போச்சு, திருப்பி எழுதவேணும் என்று சொல்ல அரை நிமிடம் போதும். சபை சீட்டுகளை எண்ணியது. இருபத்திரண்டு சரி என்றது. நான் வாயைத் திறக்கவில்லை.

நான்கு வயதுக் குழந்தை ஒன்று சீட்டுகளை எடுத்தது. மூன்றாவதாக அவர் பெயர் வந்தது. அவருடைய தாய் கத்திய கத்தலை எழுத மாட்டேன். இன்னும் இரண்டு சீட்டு எடுக்க இருந்தது. அப்போது நான் அவருக்காகக் கும்பிடவில்லை, தம்பி. அவருடைய மற்றச் சீட்டு வந்து என்னைக் காட்டிக் கொடுத்துவிடக் கூடாது என்று கும்பிட்டேன். அது வரவில்லை. மிச்சத்தைக் கற்பூரத்தில் எரித்தார்கள். தலைமையாசிரியர் எரிகிற தட்டைப் பார்க்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது போல எனக்கு இருந்தது. அன்று தொடங்கியது இது. யார் என்னைக் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்தாலும் இவருக்குத் தெரியுமோ என்று யோசிப்பேன்.

அந்த ஐந்து பேரில் இரண்டு பேர் சண்டையில் செத்துப்போனார்கள். மற்ற இரண்டு பேர் எங்கே என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. பட்டியலில் தப்பிய பதினேழு பேரில் அநேகம் பேர் வெளிநாட்டில் வீடு வாசலோடு இருக்கிறார்கள். உன் மாமா படித்தார், எஞ்சினியர் ஆனார், இல்-பிசாரில் பெரிய வீடு கட்டினார். ஒவ்வொரு வருடமும் அந்த நாளில் அபிஷேகம் செய்வித்து, "பிள்ளையார் என்னை விட்டவர்" என்று வந்தவர்களுக்கெல்லாம் சொல்வார். நானும் பக்கத்தில் நின்று பொங்கல் பரிமாறுவேன்.

தவராசா அண்ணை மூன்று மாதப் பயிற்சியோடு காவலுக்கு விடப்பட்டார். ஒரு காதின் செவிப்பறை போயிற்று. அவரைப் பிடித்துச் சென்ற கூட்டம் ஓடிப்போனதும், அடுத்து வந்த கூட்டம் அவரைத் தேடியது. பத்து வருடம் ஒளிந்து திரிந்து இந்தியாவுக்குப் போய், அங்கே கலியாணம் கட்டி, மனைவி வயிற்றில் பிள்ளையோடு இருக்கும்போது தனியாகக் கனடா வந்தார். ஆயுதம் வைத்திருந்தவர் என்று இங்கே அவருடைய வழக்கை ஒன்பது வருடம் இழுத்தார்கள். ஆரபியை அவர் முதன்முதல் தொட்டது விமான நிலையத்தில். அப்போது அவளுக்கு ஒன்பது வயது. "ஆர் இந்த மாமா?" என்று தாயிடம் கேட்டாளாம். இதை அவள் உனக்குச் சிரித்துக்கொண்டு சொல்லியிருப்பாள். எனக்கும் அப்படித்தான் சொன்னாள்.

அந்த ஒன்பது வருடத்தில் எனக்கும் பங்குண்டு. வழக்கு நடக்கும்போது, தான் விரும்பிப் போகவில்லை, சீட்டில் எடுபட்டுப் போனவன் என்று எழுதித் தர அவருக்கு ஊர்க்காரர் ஒருவர் தேவைப்பட்டார். மொன்றியலில் எங்கள் ஊரார் மூன்று நான்கு வீடுதான். நீ பாலர் வகுப்பில் இருந்தாய். ஒரு பின்னேரம் போன் அடித்தது. "தங்கச்சி, நான் தவராசா. நீர்தானே அப்ப சீட்டு எழுதினது? ஒரு கடிதம் தந்தால் போதும், கோட்டுக்கு வரத் தேவையில்லை." கடிதம் தந்தால் என்னை விசாரிப்பார்கள், எத்தனை சீட்டு, யார் யார் பெயர் என்று கேட்பார்கள் என்று பயந்தேன். "எனக்கு அப்ப சின்ன வயசு, அண்ணை. ஒண்டும் ஞாபகமில்லை" என்றேன். "சரி பிள்ளை, பரவாயில்லை" என்று வைத்துவிட்டார். அன்றிரவே மாமாவிடம் சொன்னேன். "நல்ல வேலை செய்தாய். உதுக்குள்ள நாங்கள் தலையைக் குடுக்கக் கூடாது" என்றார். எதற்குள் என்று நான் கேட்கவில்லை.

பிறகு நீ சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவுக்குப் படிக்கப் போய், அங்கே ஒரு பிள்ளையைப் பிடித்திருக்கிறது என்று வந்து, தகப்பன் பெயரையும் ஊரையும் சொன்னாய். என் கையில் இருந்த தேத்தண்ணி ஊற்றுப்பட்டது. சந்தோசத்தில் என்று நீ நினைத்தாய். இத்தனை ஆயிரம் தமிழ்ப் பொடியன்கள் இருக்க என் பிள்ளையிடம் ஏன் இந்தச் சம்பந்தம் வருகிறது என்று அன்றே எனக்குச் சந்தேகம் பிடித்தது. அவர் தெரிந்துதான் வருகிறாரோ, மகளை விட்டு என்னைப் பிடிக்கப் பார்க்கிறாரோ என்றுகூட யோசித்தேன். பாவம் அந்தப் பிள்ளை. அவளைப் பார்க்கும்போதெல்லாம் வேவு பார்க்க வந்தவளைப் பார்ப்பது போலப் பார்த்திருக்கிறேன். அதற்கும் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

போன மாதம் அவர்கள் நம் வீட்டுக்கு வந்தபோது நீயும் இருந்தாய். நீ பார்த்தது ஒன்று, நான் பார்த்தது வேறு. நிச்சயத்துக்கு வேண்டிய சாமான்களைக் குறித்துக்கொள்வோம் என்று ஆரபியின் அம்மா சொன்னதும், தவராசா அண்ணை தாளை என் பக்கம் தள்ளினார். "தங்கச்சி எழுதட்டும். ஊரிலேயே வடிவான எழுத்து அவவின்ர" என்றார். என் எழுத்து அவருக்கு எப்படி ஞாபகம்? நான் கண்ணாடியைக் காணவில்லை என்றேன். "அம்மா, தலையில கிடக்கு" என்றாய் நீ. எல்லோரும் சிரித்தார்கள். கை நோகிறது என்று சொல்லி ஆரபியிடம் தாளைக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு அவர் பேர்ஸைத் திறந்து, மெட்ரோ அட்டைக்குப் பின்னாலிருந்து, கோயிலில் தன் பெயருக்கு எடுபட்ட அந்தச் சீட்டை எடுத்தார். பக்கத்துத் தெப்பனர் கடையில் லமினேட் செய்து வைத்திருக்கிறார். என் பதினான்கு வயது எழுத்து பிளாஸ்டிக்குக்குள் அப்படியே இருந்தது. "இதைத்தான் நான் விசாரணையில குடுத்தனான்" என்று கதை சொன்னார். "நீதவான் கேட்டார், அப்ப உங்களைப் படையில சேத்தது உங்கட கடவுளோ எண்டு. நான் ஓம் எண்டுட்டன். மொழிபெயர்க்க வந்த பொடியன் என்னைப் பாத்துக் கண்ணைக் காட்டுறான், சொல்லாதேங்கோ அண்ணை எண்டு." நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். "உந்தச் சீட்டை ஆர் எழுதினது எண்டும் கேட்டவர்" என்று சொல்லி அவர் தேத்தண்ணியைக் குடித்தார். "பள்ளிக்கூடப் பிள்ளை ஒண்டு எண்டன். பேர் சொல்லேல்லை." சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். தெரிந்துதான் அப்படிச் சொன்னாரா, என்னைக் காப்பாற்றினேன் என்று சொல்கிறாரா, வெறும் பகிடியா? ஒரு மாதமாக இதே யோசனை.

மாமாவைப் பற்றி என் மனதில் இருப்பதையும் எழுதிவிடுகிறேன். இது வெறும் சந்தேகம், என்னிடம் சாட்சி இல்லை. அன்று கோயிலில் இருபத்தொரு பொடியன்களும் நடுங்கிக்கொண்டு நின்றார்கள். ஒருத்தன் வாந்தி எடுத்தான். உன் மாமா மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நேராக நின்றார். முதல் நாள் பின்னேரம் சோறு இறங்காமல் அழுத மனிதர் அவர். இரவில் எழும்பிச் செம்பில் இருந்த சீட்டுகளைப் பிரித்துத் தன் பெயரைத் தேடினார் என்றும், அது இல்லை என்று கண்டு திருப்பிக் கட்டும்போது ஒன்றில் இரட்டை முடிச்சு விழுந்துவிட்டது என்றும் நான் நம்புகிறேன். முப்பத்தாறு வருடமாகத் தனக்குத் தெரியும் என்று அவரும் காட்டவில்லை, செய்தது நான் என்று நானும் காட்டவில்லை. இப்போது இந்தக் கலியாணம் என்றதும் அவர் ஏன் இவ்வளவு பாய்கிறார்? உனக்குத் தவராசா அண்ணையைப் பற்றிச் சொன்ன அதே கிழமை என்னிடம் வந்து, "அந்தக் குடும்பம் எங்களுக்குச் சரிவராது, நீ சும்மா இரு. இவ்வளவு நாளும் சும்மாதானே இருந்தனி" என்றார். அந்தக் கடைசி வசனத்தை அவர் எதை அறிந்து சொன்னார்? ஆக்களைப் பிடித்துக் கொடுத்தவர் என்று தவராசா அண்ணையைச் சொல்ல அவருக்கு வாய் வருகிறது. பிடித்துக் கொடுத்தது நான், பார்த்துக்கொண்டிருந்தது அவர்.

உனக்குப் புத்தி சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆனாலும் தாய் என்ற முறையில் இரண்டு சொல்கிறேன். யாராவது தன் நல்ல வாழ்க்கையைச் சாமி தந்தது என்று சொன்னால் சந்தோசப்படு, ஆனால் உடனே நம்பிவிடாதே. நான் சொல்வதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அடுத்தது, என் பிழையைக் கழுவுவதற்காக நீ ஆரபிக்குத் தாலி கட்டாதே. இரக்கத்துக்குக் கட்டினால் அவள் அதை ஒரு நாள் கண்டுபிடிப்பாள். மாமாவின் பொய்யை எடுத்துவிட்டுப் பார், என் குற்றத்தையும் எடுத்துவிட்டுப் பார். அப்பவும் அவள் வேண்டும் என்றால் கட்டு. இதைக் கேட்ட பிறகு அவர்கள் எங்களை வேண்டாம் என்று சொன்னால் அவர்களைக் கோபிக்காதே. அந்தக் கோபத்துக்கு உரிய ஆள் நான்.

ஞாயிற்றுக்கிழமை மேசையில் எல்லோரும் இருக்கும்போது சொல்லலாம் என்று நினைத்தேன். அது கோழைத்தனம். கூட்டத்தில் அவர் மரியாதைக்காகச் சிரித்துவிடுவார். அதனால் இன்றைக்கு வகுப்பு முடிந்து வந்ததும் அவருக்குப் போன் எடுத்தேன். "அண்ணை, உங்களோட தனியக் கதைக்க வேணும். நாளைக்கு வேலைக்குப் போக முதல் ஒருக்கா வரேலுமோ?" என்றேன். எதைக் கேட்டாலும் ஏன், எதற்கு, எப்படி என்று ஒன்பது கேள்வி கேட்கிற மனிதர். "நாளைக்கு என்ன, இப்பவே வாறன்" என்றார். ஒரு கேள்வி கேட்கவில்லை. அவருக்குத் தெரியும், தம்பி. இல்லை, தெரியாது. கலியாணத்தை நிறுத்தப் போகிறேன் என்று பயந்து ஓடி வருகிறார். இல்லாவிட்டால் மாமா அவருக்கும் ஏதோ சொல்லியிருக்கிறார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பொய் சொன்னவளுக்கு மற்றவர்களின் முகத்தை வாசிக்கத் தெரியாமல் போய்விடுகிறது.

அவர் வருவதற்குள் இதை மடித்துப் பையில் வைக்க வேண்டும். நான் அவர் முன்னால் இருந்து முதல் வசனத்தைச் சொல்லிவிட்டேன் என்றால் உனக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்புவேன். செய்தி வராவிட்டால் நான் பழையபடி பயந்து தேத்தண்ணி மட்டும் கொடுத்து அனுப்பிவிட்டேன் என்று அர்த்தம். அப்படியென்றால் நான் முதலில் கேட்டதை மறந்துவிடு, இந்தக் கடிதத்தை நீயே கொண்டுபோய் அவர் கையில் கொடு. எனக்காகப் பார்க்காதே. அப்பாவிடம் நான் இன்னும்

கதவைத் தட்டுகிறார்கள். இரண்டு பேரின் குரல் கேட்கிறது, தம்பி. ஒன்று மாமாவி